ஊருக்கு வராத கட்டுரை

வில்மா கோல்கே என்னிடம் வந்து புத்தகம் எதுவும் கேட்கவில்லை. "லிசென், எங்க அம்மாவோட தலைமுடி எங்க போச்சுன்னு கண்டுபிடிக்கணும்" என்றாள்.

எங்கள் மலைநாட்டு நகரமான ஓருரோவில், பல்கலைக்கழக நூலகத்தின் ஆய்விதழ்ப் பிரிவு என் பொறுப்பு. பட்டம் வாங்கி நாற்காலியில் உட்கார்ந்துவிட்ட எல்லோரையும் இங்கே பிள்ளைகள் லிசென் என்றுதான் கூப்பிடுவார்கள். வில்மா வேளாண்மை படிப்பவள். சொந்த ஊர் விலாகோட்டா. சில வருடங்களுக்கு முன் அங்கே ஜீப்பில் ஆட்கள் வந்து கிணற்றுத் தண்ணீரைச் சீசாவில் பிடித்திருக்கிறார்கள். பெண்களின் தலைமுடியைக் கொஞ்சம் நறுக்கி எடுத்திருக்கிறார்கள். ரொட்டி கொடுத்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவே இல்லை. அவள் அம்மாவின் உள்ளங்கையிலோ கறுப்புப் புள்ளிகள் விழுந்து, தோல் தடித்துக்கொண்டே போனது.

கணினியில் ஊர்ப் பெயரைப் போட்டோம். ஒன்றும் வரவில்லை.

"அவங்க நம்மள மாதிரி பேச மாட்டாங்க வில்மா. அவங்க பாஷையில தேடணும்."

கிணறு என்பதை நிலத்தடி நீர் என்று மாற்றினேன். இந்தப் பக்கத்துத் தண்ணீரில் எதைத் தேடுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆர்செனிக் என்று சேர்த்தேன். ஆண்டைக் குறுக்கினேன். மிஞ்சிய கட்டுரைகள் கொஞ்சம்தான். அதில் ஒன்றின் சுருக்கத்தைப் படித்ததும் வில்மா திரையில் விரலை வைத்தாள்.

"பள்ளிக்கூடத்துக் கிணறு, மேற்கே எரிமலை, தலைமுடி... இது நாங்கதான்!"

ஊர்ப் பெயர் இல்லை. 'சமூகம் இ' என்று இருந்தது. எழுதியவர்களின் வரிசையில் கடைசிப் பெயர், எங்கள் பல்கலைக்கழகத்தின் டாக்டர் உர்கீதி.

சுருக்கத்துக்கு மேல் திறக்கவில்லை. அந்த இதழுக்கான சந்தாவை நூலகம் நிறுத்தி வெகுநாளாகிறது. வில்மா நேராக உர்கீதியின் அறைக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"'உனக்குப் புரியாதும்மா'ன்னுட்டாரு. எங்க முடி மட்டும் அவருக்கு நல்லாப் புரிஞ்சிருக்கு."

நூலகங்கள் ஒன்றுக்கொன்று கட்டுரை கொடுத்து வாங்கும் வழக்கம் உண்டு. பழைய போரில் எங்கள் நாட்டின் கடற்கரை முழுவதையும் பிடித்துக்கொண்ட சிலியில் ஒரு நூலகத்தில் அந்த இதழ் இருந்தது. கேட்கலாமா என்றேன்.

"கேளுங்க லிசென். நம்ம கடலைத்தான் எடுத்துக்கிட்டாங்க, ஒரு கட்டுரையாவது குடுக்கட்டுமே."

கொடுத்தார்கள். ஆங்கிலத்தை நான் ஸ்பானியத்தில் சொல்ல, அவள் அதைத் தன் ஊர்ப் பேச்சான அய்மாராவில் எழுதினாள். பள்ளிக்கூடத்துக் கிணற்றின் ஆர்செனிக் அளவுக்கு வந்தபோது அவள் பேனா நின்றது. அந்தத் தண்ணீரை மனிதர் குடிக்கவே கூடாது. மேட்டுக் கிணறு பரவாயில்லை.

இதற்குள் உர்கீதிக்குச் சேதி போய்விட்டது. வாசிப்பறைக்கே வந்தார்.

"இதை ஊர்ல போய் வாசிக்கப் போறியாம்? யோசிச்சுப் பாரு. விஷயம் வெளிய போனா உங்க கினோவா தானியத்தை எவன் வாங்குவான்? அடுத்த கட்ட ஆய்வு வருது, அதுவும் கெட்டுப்போகும். ஜனங்க பயந்துருவாங்கம்மா."

வில்மா எழுந்து நின்றாள். "பயப்படறதும் படாததும் எங்க இஷ்டம், டாக்டர். குடிக்கிறது நாங்க."

"லிசென், நீங்களுமா இதுக்கு உடந்தை?" என்று என் பக்கம் திரும்பினார்.

"வாசகர் கேட்டதைத் தேடிக் கொடுக்கறதுதான் டாக்டர் என் வேலை" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் அவளோடு விலாகோட்டாவுக்குப் பஸ் ஏறினேன். ஊர்க்கூட்டத்தில் வில்மா ஒரு வரி விடாமல் வாசித்தாள். ஆண்கள் கோக்கா இலை மெல்லுவதை நிறுத்திவிட்டிருந்தார்கள். அவள் அம்மா தோன்யா ஃபெலீசா மட்டும் கேட்டாள்:

"அப்ப, இது அவங்களுக்கு எப்பவோ தெரியுமா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சே நம்மளைக் குடிக்க விட்டாங்களா?"

ஊர்த்தலைவர் தோன் செவேரோ எழுந்து வெளியே போனார். பின்னாலேயே நாலு பேர் போனார்கள். சற்று நேரத்தில் பள்ளிக்கூடத்துக் கிணற்றுப் பம்பின் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு வந்து கூட்டத்தின் நடுவில் போட்டார்கள்.

அறுவடைக் காலத்தில் ஜீப் மறுபடி வந்தது. முன்சீட்டில் உர்கீதி. நானும் அன்று அங்கேதான் இருந்தேன். பெண்கள் சாலையின் குறுக்கே நின்றுகொண்டார்கள்.

"தண்ணி மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிடறோம்" என்றார் அவர்.

"மொதல்ல இறங்குங்க" என்றாள் தோன்யா ஃபெலீசா. "போன தடவை எடுத்ததுல என்ன இருந்துச்சுன்னு உங்க வாயால சொல்லுங்க. இந்தப் புள்ளைங்க முன்னாடி சொல்லுங்க. அப்புறம் சீசாவைத் திறக்கலாம்."

அவர் இறங்கவில்லை. ஜீப் பின்னோக்கி நகர்ந்து திரும்பிப் போனது. பெண்களில் ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

அதற்கு வில்மா விலை கொடுத்தாள். அவளுடைய ஆய்வேட்டுக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் விலகிக்கொண்டார். வேறொருவர் கிடைக்க ஒரு பருவம் வீணானது. நகராட்சியின் தண்ணீர் வண்டி வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. மேட்டுக் கிணற்றிலிருந்து பெண்கள் இன்னும் சுமக்கிறார்கள்.

அதெல்லாம் பின்னால் நடந்தது. ஜீப் போன மறுநாள் காலையே, நான் பிரிவைத் திறக்குமுன்பே வில்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"லிசென், தண்ணியிலேர்ந்து இந்த விஷத்தை எப்படி எடுக்கறதுன்னு எவனாவது எழுதியிருப்பான்ல? அவங்க பாஷையில அதுக்கு என்ன பேரு?"

கணினியைப் போட்டேன். அவள் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.