கொழும்பு கேட்கும் கார்

அது சிவபாலன் வாங்கிய கார் இல்லை, அவரிடம் வந்து சேர்ந்த கார். ஜப்பானில் கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மச்சினன் செந்தூர்வேல், ஒருவழியாக ஊர் திரும்பியபோது பெட்டி படுக்கையோடு இதையும் கப்பலில் ஏற்றிவிட்டான். சென்னையில் அவன் பிடித்த அடுக்குமாடி வீட்டில் சைக்கிள் நிறுத்தவே சண்டை போட வேண்டும். "அத்தான், நீங்களே ஓட்டுங்க" என்று தூத்துக்குடியில் அக்கா வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போனான். அன்றிலிருந்து சிவபாலனைக் கையில் பிடிக்க முடியவில்லை.

தன் உப்பளத்துக்குப் போனாலும் கார், முக்கு டீக்கடைக்குப் போனாலும் கார். சாவியைத் திருப்பியதும் உள்ளேயிருந்து ஒரு ஜப்பான்காரி இனிமையாக ஏதோ சொல்வாள். என்ன சொல்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் சிவபாலன் தினமும் "சரிம்மா" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்.

ரேடியோவில்தான் ஒரு விசேஷம். அந்த நாட்டு ரேடியோவில் அலைவரிசை எண்கள் தொண்ணூறோடு முடிந்துவிடும். நம் ஊர் நிலையங்கள் எல்லாம் அதற்கு மேலேதான் குடியிருக்கின்றன. ஆகவே தூத்துக்குடி நிலையம் ஒன்றுகூட எடுக்காது. ஆனால் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எண்பத்தேழு சொச்சத்தில் ஒரு இலங்கை நிலையம் கணீரென்று வந்து விழும். நல்ல தமிழ், நல்ல பாட்டு, இடையிடையே பிறந்தநாள் வாழ்த்துகள். சிவபாலனுக்கு அதுவே பெருமையாகிவிட்டது. "நம்ம கார் கொழும்பு வரைக்கும் கேக்கும்லே" என்று உப்பு லாரிக்காரர்களை எல்லாம் உள்ளே உட்கார வைத்துக் காட்டினார்.

அவர் மனைவி முருகேஸ்வரி நன்றாகப் பேசுவாள். கேட்பவர் வயிறு வலிக்கச் சிரிக்கும்படி பேசுவாள். தெருவில் அவள் நின்றால் நாலு பேர் நிற்பார்கள். ஆனால் அவள் மேடையேறிய ஒரு தடவைகூடச் சிவபாலன் எதிரே உட்கார்ந்து கேட்டதில்லை. ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு லாரி, ஏதாவது ஒரு மழை. போன வருடம் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அவள் பேசியபோது இவர் எடைமேடையில் நின்றுகொண்டிருந்தார். விழாவுக்குப் போயிருந்த கணக்குப்பிள்ளை டிக்சனிடம் போனில் விவரம் கேட்டுக்கொண்டு, ராத்திரி சாப்பிடும்போது, "நீ அந்தக் குரங்குக் கதை சொன்னப்போ கடைசி வரிசையில நின்னு சிரிச்சேன் பாரு" என்று ஒரு போடு போட்டார். குரங்குக் கதை சொன்னது தலைமையாசிரியை. விழாவில் டிக்சனைப் பார்த்திருந்த முருகேஸ்வரி இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிவிட்டுப் போனாள்.

சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அதற்கப்புறம் எங்கே பேசப் போனாலும் அவள் இவரை வரச் சொல்வதில்லை. அது முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது சிவபாலனுக்கு.

இப்போது ஒரு கல்லூரியின் சமூக வானொலியில் ஞாயிறுதோறும் அரை மணி நேரம் நேரலையாகப் பேச அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அவளே வந்து சொல்லவில்லை. யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தது இவர் காதில் விழுந்தது.

"நான் கேக்கேன். முதல் நாளே கேக்கேன். நம்ம கார்ல உக்காந்து முழுசும் கேக்கேன்" என்றார்.

"அதுல கொழும்புல்லா கேக்கும்" என்றாள் முருகேஸ்வரி. "நம்ம வீட்டு மாடியில நின்னா அந்தக் காலேஜ் டவர் தெரியுது. அது கேக்காதே."

கடையில் ஒரு சின்ன ரேடியோப் பெட்டி வாங்கினால் காரியம் முடிந்தது. ஆனால் கார் என்று வாயை விட்டுவிட்டாரே, இனி எப்படி இறங்குவது? நேரே திரேஸ்புரத்துக்கு, ரோச்சிடம் போனார்.

ரோச் விசைப்படகுகளுக்கு வயர்லெஸ், மீன் காட்டும் கருவி, விளக்கு எல்லாம் பொருத்துகிறவன். தெரியாது என்ற சொல் அவன் வாயில் வந்ததாகச் சரித்திரம் இல்லை. காருக்குள் தலையை விட்டுப் பார்த்தான். ரேடியோ செட்டையே மாற்றலாம் என்றால், ஏசியும் பின்பக்கக் கேமராவும் அதே திரைக்குள் இருந்தன. அதைக் கழற்றினால் எல்லாம் போய்விடும்.

"ஒரு சின்ன டப்பா இருக்கு அண்ணாச்சி. ஏரியலுக்கும் ரேடியோவுக்கும் நடுவுல வச்சா, வாற எண்ணுல இருபதக் கழிச்சுக் குடுக்கும். நூத்தியேழு வந்தா இது எண்பத்தேழுன்னு நெனச்சு வாங்கிக்கிடும். வண்டியை ஏமாத்துற வேலைதான்."

"ஏமாத்துலே, நல்லா ஏமாத்து."

டப்பா சென்னையிலிருந்து வந்து சேர்ந்தது சனிக்கிழமை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. ரோச் தன் இருட்டுக் கொட்டகைக்குள் காரை ஏற்றி, முன்பலகையைக் கழற்றி, வயர்களைக் கொத்தாக வெளியே இழுத்து, மறுபடி உள்ளே தள்ளினான். எண்பத்தேழு புள்ளி எட்டில், கொழும்பு கேட்ட அதே இடத்தில், கல்லூரிப் பிள்ளைகள் யாரோ பருத்திச் சாகுபடி பற்றிப் பேசினார்கள். பருத்தியைப் பற்றி இவ்வளவு சந்தோஷமாக யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சிவபாலன் ஒரு கிலோ மக்ரூன் இனிப்பு வாங்கிக் கொட்டகை முழுக்கக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முருகேஸ்வரியைக் கல்லூரியில் இறக்கிவிட்டார். வாசலிலேயே நின்று கேட்கலாம் என்று நினைத்தவரை அவள் விடவில்லை.

"நீங்க இங்கன நிக்கீங்கன்னு தெரிஞ்சா எனக்கு நாக்கு ஒட்டிக்கிடும். எங்கனயாவது போய்க் கேளுங்க." ரெண்டு எட்டு வைத்தவள் திரும்பினாள். "கேட்டாக் கேளுங்க" என்றாள்.

அந்த 'கேட்டா'வில் இருந்தது அத்தனையும்.

தான் செய்த வேலையின் அழகைக் கேட்க ரோச்சும் வழியில் ஏறிக்கொண்டான். ஜப்பான்காரி ஏதோ சொன்னாள். "சரிம்மா" என்று சிவபாலன் ரேடியோவைப் போட்டார். சரியாக ஐந்து மணி, அவள் பேசும் நேரம். இசை வந்தது, ஒரு பெண் குரல் வந்தது.

"வவுனியாவில் இன்று தனது ஐந்தாவது பிறந்தநாளைக் கொண்டாடும் செல்வன் கவின்ராஜுக்கு, அம்மம்மாவும் மாமாமாரும் சித்திமாரும் கூறும் வாழ்த்து..."

"ஏலே ரோச்!"

"இரிங்க அண்ணாச்சி, நேத்து வந்துச்சே!"

ரோச் திரையைத் தட்டினான், பலகையைக் குத்தினான், கீழே குனிந்து வயரை ஆட்டினான். கவின்ராஜ் நீடூழி வாழ்ந்துகொண்டிருந்தான். இந்தத் தடவை லாரியும் இல்லை, மழையும் இல்லை. கேட்க வேண்டும் என்று நெஞ்சு முழுக்க ஆசையோடு வந்தும் கேட்காமல் போனால், அவள் நம்பவா போகிறாள்? அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கே போகிறோம் என்று தெரியாமலே ஓட்டினார். கார் ரயில்வே சுரங்கப்பாதைக்குள் இறங்கியது.

"...வணக்கம். நான் முருகேஸ்வரி பேசுதேன். எனக்கு மைக்கைப் பாத்தா பயம் கிடையாது, எங்க மாமியாரைப் பாத்துப் பழகினவ..."

இரண்டு பேரும் சீட்டில் துள்ளினார்கள். அதற்குள் கார் மறுபக்கம் ஏறி வெயிலுக்கு வந்துவிட்டது. முருகேஸ்வரி மறைந்து, கவின்ராஜின் பெரியப்பா வாழ்த்தினார்.

"பாலத்துக்கு அடியில சிக்னல் இருக்குலே!"

"சத்தம் அங்கன தேங்கி நிக்கும் போல அண்ணாச்சி" என்றான் ரோச், தெரியாது என்று சொல்ல முடியாமல்.

சிவபாலன் வண்டியைத் திருப்பிச் சுரங்கப்பாதைக்குள் இறக்கி, நட்டநடுவில் நிறுத்தினார். முருகேஸ்வரி வந்தாள். பின்னால் ஆட்டோ அலறியது, மினி பஸ் அலறியது. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எதிரே ஸ்கூட்டரில் மீன் கூடையோடு வந்த அமலோற்பவம் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தாள். அவளுக்கு யார் முதலாளி, யார் தொழிலாளி என்பதெல்லாம் கிடையாது.

"ஏன் அண்ணாச்சி, நடு ரோட்டுல வண்டியப் போட்டு மறிச்சதும் இல்லாம, லைட்டை வேற கண்ணுல அடிக்கீங்க! அணைங்க மொதல்ல!"

இருட்டைக் கண்டால் தானே விளக்கைப் போட்டுக்கொள்ளும் கார் அது. சிவபாலன் பதறிப்போய் அணைத்தார். வவுனியா வந்தது. திகைத்துப் போய் மறுபடி போட்டார். முருகேஸ்வரி வந்தாள். அணைத்தார், வவுனியா. போட்டார், முருகேஸ்வரி.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரோச் நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டான்.

"மாதாவே! லைட்டு லைன்ல இருந்து கரண்டு குடுத்துட்டேன் அண்ணாச்சி. லைட்டு எரிஞ்சாத்தான் டப்பாவுக்கு உசுரு. படகுல எல்லாம் அப்படித்தான் குடுக்கது. ராத்திரிதான கடலுக்குப் போறோம், லைட்டு எப்பவும் எரியும். கைப்பழக்கத்துல குடுத்துட்டேன். நேத்து கொட்டகை இருட்டுல லைட்டு தானா எரிஞ்சிருக்கு, அதான் கேட்டுச்சு."

"காரைப் படகுன்னு நெனச்சியாலே!" என்று சிவபாலன் கத்தினார். ஆனால் கத்தும்போதே சிரிப்பு வந்துவிட்டது. பட்டப்பகலில் நாலு விளக்கும் எரிய, சுரங்கப்பாதையை விட்டு வெளியே ஏறினார். முருகேஸ்வரி கூடவே வந்தாள், ஒரு சொல் குறையாமல்.

கடற்கரைச் சாலையில் எதிரே வந்தவர்கள் எல்லாரும் விரல்களைக் குவித்து விரித்து, குவித்து விரித்து, விளக்கு எரிகிறது என்று சைகை காட்டினார்கள். சிவபாலன் ஒவ்வொருவருக்கும் அதே மாதிரி விரலைக் குவித்து விரித்துக் கும்பிடு போட்டார். "என்னது இது, கல்யாண ஊர்வலமா?" என்று ஒருவர் கேட்டார். "ஆமா" என்றான் ரோச். பின்னாலேயே அமலோற்பவத்தின் ஸ்கூட்டர் வந்தது. பேசுகிறவள் யார், அப்புறம் என்ன சொன்னாள் என்று தெரியாமல் அவளுக்கும் வீட்டுக்குப் போக மனசில்லை.

முத்துநகர் கடற்கரையில் காரை நிறுத்தி நாலு கதவையும் திறந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சூழ்ந்தார்கள்.

"...எங்க வீட்டுக்காரருக்கு ஒரு கார் வந்திருக்கு. அதுக்குள்ள ஒரு ஜப்பான்காரி குடியிருக்கா. அவ என்ன சொன்னாலும் எங்க வீட்டுக்காரு 'சரிம்மா'ங்காரு. ஒரு நாளு இல்ல, தெனமும். நான் இருவத்திரெண்டு வருசமா நம்ம பாசையிலதான் பேசுதேன். ஒரு சரிம்மா கிடையாது!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. யார் கார் என்று எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. சிவபாலனும் சிரித்தார், வெட்கத்தில் காது மடல் சுடச் சுடச் சிரித்தார். எப்பேர்ப்பட்ட பேச்சு! இதையா இத்தனை வருடம் டிக்சன் வாயால் கேட்டோம் என்று தன்மேலேயே கோபம் வந்தது. இவள் என் பெண்டாட்டி என்று கடலைப் பார்த்துக் கத்த வேண்டும் போலிருந்தது.

"இப்ப ஒரு ஆளு கேக்காரா இல்லையான்னு எனக்குத் தெரியணும்" என்றாள் ரேடியோவில் முருகேஸ்வரி. அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "கேட்டா போன் பண்ணட்டும். டிக்சன் தம்பி, நீ கேட்டுக்கிட்டிருந்தா, தயவுசெஞ்சு அவருக்குச் சொல்லிக் குடுக்காத."

நிலையத்தின் போன் எண்ணை அவள் சொல்ல, ரோச்சும் அமலோற்பவமும் சுண்டல்காரரும் ஒரே நேரத்தில் ஒப்பித்தார்கள். சிவபாலன் அழுத்தினார். பிஸி. மறுபடி. பிஸி. "ஊரே கூப்பிடுது போல" என்றது கூட்டம். மூன்றாவது தடவை மணி அடித்தது.

"வணக்கம், யார் பேசுறீங்க?" என்றாள் முருகேஸ்வரி போனில்.

"நான்... நான்தான்... சிவபாலன்."



"கேட்டீங்களா, இல்ல யாராவது சொன்னாங்களா?" வானொலிக் குரல் போய், வீட்டுக் குரல் வந்துவிட்டது.

பதில் சொல்ல அவர் வாயைத் திறந்ததும் நாலு கதவு வழியாகவும் ஒரு ஊளை கிளம்பியது. கார் ரேடியோ பேசுவது போனுக்குள் போய், போன் பேசுவது ரேடியோவுக்குள் போய், முருகேஸ்வரியின் 'சொன்னாங்களா, சொன்னாங்களா' ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, ஊஊஊவென்று கடற்கரை முழுக்கக் கூவியது. பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"சார், உங்க ரேடியோ வால்யூமைக் குறைச்சுட்டுப் பேசுங்க சார்" என்று நிலையத்தில் ஒரு பெண் அவசரமாகக் குறுக்கிட்டாள்.

சிவபாலன் கையை நீட்டினார்.

"வேண்டாம்!" என்றாள் முருகேஸ்வரி. கூவலுக்கு நடுவே அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இந்தச் சத்தத்தை எந்த டிக்சனும் சொல்லிக் கொடுக்க முடியாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. "குறைக்காதீங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும். கேக்குதீங்க நீங்க!"

"சரிம்மா" என்றார் சிவபாலன்.