உட்கார்ந்துவிடும் வண்டி

கார் ஷெட்டின் ஷட்டரைத் தூக்கியதும் கண்ணில் பட்டது பின்பக்க பம்பர்தான். ராத்திரி நிறுத்தும்போது என் முழங்காலுக்கு மேலே இருந்தது, காலையில் முழங்காலுக்குக் கீழே கிடக்கிறது. முன்பக்கம் தலையை நிமிர்த்திக்கொண்டு, பின்பக்கம் தரையோடு உட்கார்ந்துகொண்டு, எலும்புத் துண்டுக்குக் காத்திருக்கும் நாய் மாதிரி என்னைப் பார்த்தது. புது பலூன் போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. "உட்காரு, நல்லா உட்காரு" என்று டயரை ஓர் உதை விட்டேன். வலித்தது எனக்குத்தான்.

இந்த வண்டிக்குப் பின்னால் ஸ்பிரிங் கிடையாது. ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று தடித்த ரப்பர் பைகள், அவற்றைத்தான் பலூன் என்கிறார்கள். கம்ப்ரசர் காற்றை அடித்தால் பை உப்பும், வண்டி எழும்பும். காற்றுப் போனால் உட்காரும். பலூன் மேல் வண்டியை நிறுத்தலாம் என்று எவனுக்குத் தோன்றியதோ தெரியாது. அவன் கையில் கிடைத்தால் இரண்டு வார்த்தை கேட்பேன். ஆனால் ஒன்று, நல்ல நிலைமையில் இருக்கும்போது இந்த வண்டி பள்ளத்தில் இறங்குவதே தெரியாது. என் மகன் புது வண்டி வாங்கியபோது இதை என் தலையில் கட்டினான். கட்டியது நல்லதாகப் போயிற்று. என் வீட்டுக்காரி குளியலறையில் ஸ்டூல் மேல் ஏறி பல்பு மாற்றப் போய் விழுந்து, இடுப்பில் இரும்பு வைத்த பிறகு, வேறு எந்த வண்டியில் ஏற்றினாலும் தெரு முனை தாண்டுவதற்குள் பல்லைக் கடிக்க ஆரம்பித்துவிடுவாள். இதில் மட்டும் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவாள். நடைப் பயிற்சிக்கு அவளை வாரத்தில் பாதி நாள் கூட்டிப்போக வேண்டும். வண்டி போனால் பயிற்சி போயிற்று. பயிற்சி போனால் அவள் கட்டிலோடுதான்.

மகனுக்கு இது புரியாமல் இல்லை. போன மாதம் கம்ப்ரசர் சூடாகி நின்று, மேம்பாலத்து நடுவில், கொளுத்துகிற வெயிலில், இவளை உள்ளே வைத்துக்கொண்டு நாங்கள் கிடந்த கிடை அவனுக்கும் தெரியும். அன்றிலிருந்து அவன் வேறு பாட்டுப் பாடுகிறான். இன்றும் போன் செய்தான்.

"அப்பா, இன்னிக்கு நிக்குதா?"

"நிக்குது."

"பொய் சொல்லாதீங்க. அம்மாகிட்ட குடுங்க."

"அவ தூங்குறா."

"இப்பதான் என்கூட பேசினாங்க. உக்காந்துட்டுதான் இருக்குன்னு அம்மாவே சொன்னாங்க. நான் சொல்றதைக் கேளுங்க. சனிக்கிழமை காலையில பழைய வண்டி வாங்குறவரைக் கூட்டிட்டு வர்றேன். நேரா நின்னுச்சுன்னா நீங்களே வெச்சுக்கோங்க, நான் வாயைத் திறக்க மாட்டேன். உக்காந்திருந்தா அன்னிக்கே அவர் கொண்டு போயிடுவார். மறுபடி அம்மா நடுரோட்டுல வெயில்ல கிடக்க நான் விட மாட்டேன்."

கோபம் வந்தால் அவன் குரல் என் குரல் மாதிரியே ஆகிவிடும். அதனால்தான் போனை வைத்துவிட்டேன்.

மெக்கானிக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். எப்போதும் வாயில் ஒரு சின்ன டார்ச்சைக் கவ்விக்கொண்டே வேலை செய்வான். பேசுவதும் அப்படியே. அதனால் எல்லோரும் அவனை டார்ச் என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய பலூன் கசிந்து வண்டி ராத்திரியில் உட்கார ஆரம்பித்ததும் நான் முதலில் போனபோது, "பெரியவரே, பலூனைத் தூக்கிப் போட்டுட்டு ஸ்பிரிங் மாட்டிடலாம். ஜென்மத்துக்கும் தொந்தரவு இல்ல" என்றான். ஸ்பிரிங் போட்டால் உதறும், இவள் இடுப்பு தாங்காது என்றேன். "அப்ப ரெண்டு பலூனும் மாத்தணும்" என்றான். யாராவது இரண்டு மாற்ற வேண்டும் என்று சொன்னால், ஒன்று கெட்டிருக்கிறது, இன்னொன்றுக்கு என்னைக் கொள்ளையடிக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படும். ஆனாலும் பழசைப் பார்த்தபோது இரண்டிலும் வெடிப்பு இருந்தது. சரி என்றேன். அவன் மாற்றி முடிக்கும்வரை ஒரு காலி டின் மேல் உட்கார்ந்து அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய பலூன்களைச் சாக்கில் போட்டு வாங்கிக்கொண்டேன். "அதை வெச்சு என்ன பண்ணப்போறீங்க?" என்றான். "தலைக்கு வெச்சுப் படுப்பேன், உனக்கென்ன" என்றேன். அதையே திரும்ப எவனுக்காவது மாட்டிவிடுவான் என்று நான் நினைத்ததை அவனிடம் சொல்வேனா?

எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. கம்ப்ரசரிலிருந்து பலூனுக்கு வருகிற காற்றுக்குழாய், விரல் தடிமன்கூட இல்லாத கறுப்புப் பிளாஸ்டிக். அதன் முனையை பலூன் தலையில் இருக்கும் ஓட்டையில் வைத்து ஒரு அமுக்கு. அவ்வளவுதான். மரை இல்லை, பசை இல்லை, முறுக்குவது இல்லை. சாவித்துவாரத்தில் சாவி போடுகிற மாதிரி சொருகிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டான். நான் ஆயுசு முழுக்கக் குழாய் வேலை பார்த்தவன். மாடி மாடியாகத் தண்ணீர் ஏற்றியிருக்கிறேன். நான் போட்ட இணைப்பில் ஒரு சொட்டு ஒழுகியது என்று ஒருவன் சொன்னதில்லை. ஏன் ஒழுகாது? வெள்ளை டேப். மரையில் நன்றாக இழுத்து நாலு சுற்றுச் சுற்றி முறுக்கினால் சாமியே வந்தாலும் கசியாது. இந்தக் காலத்துப் பையன்களுக்கு அந்தப் பொறுமை ஏது? வீட்டுக்கு வந்ததும் ஜாக்கி வைத்துத் தூக்கி, காற்றை இறக்கி, இரண்டு பக்கமும் குழாயை உருவி, முனையில் டேப்பைக் கெட்டியாகச் சுற்றி, திரும்பவும் பலம் கொண்டமட்டும் திணித்தேன். இப்போது வேலை வேலை மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் வண்டி உட்கார்ந்திருந்தது. அதற்கடுத்த நாளும். டார்ச் மட்டமான பலூனைப் போட்டு ஏமாற்றிவிட்டான் என்று அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. பாத்திரம் கழுவுகிற சோப்பைத் தண்ணீரில் கலக்கி, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் பலூன் முழுக்கத் தடவினேன். முதுகு பிளந்துவிடும்போல் இருந்தது. கசிவு இருந்தால் அந்த இடத்தில் நுரை கொப்பளிக்க வேண்டும். மேலே இல்லை, மடிப்பில் இல்லை, அடியில் இல்லை. கம்ப்ரசர் பக்கம் பார்த்தேன், இல்லை. நான் டேப் சுற்றிய இடத்தில் தடவவில்லை. என் கையால் போட்ட இணைப்பை நானே சந்தேகப்படுவேனா? சட்டை நனைந்ததுதான் மிச்சம். வாளியை எத்தினேன். அவள் ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விடுங்களேன். உக்காந்தா உக்காந்துட்டுப் போகுது. ஸ்டார்ட் பண்ணினா எழுந்துக்குதுல்ல?"

"உன் மகன் கொண்டு போயிடுவான். அப்புறம் நீ எதுல போவே?"

அவள் ஜன்னலை விட்டு நகர்ந்தாள்.

அவளிடம் ஒரு நல்ல முன்னேற்றம் தெரிந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் எல்லாம் நான்தான் அவளைத் தூக்கி வண்டியில் ஏற்றுவேன். கக்கத்தில் கை கொடுத்து, முட்டியால் முட்டுக்கொடுத்து, கேஸ் சிலிண்டரை ஏற்றுகிற மாதிரி. எதிர்வீட்டு டெய்லர் தையல் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்ப்பான். அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். இப்போது கொஞ்ச நாளாக நான் கதவைப் பூட்டிவிட்டு வருவதற்குள் அவளே ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். ஊன்றுகோலைப் பக்கத்தில் சாத்தி, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, டெய்லருக்கு ஒரு தலையசைப்பு வேறு. பயிற்சி வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை டார்ச்சின் கடைக்குப் போய்க் கத்தினேன். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மோசடிக்காரன் என்றேன், இன்னும் சில வார்த்தைகளும் சொன்னேன். அவன் டார்ச்சை வாயிலிருந்து எடுத்துத் துடைத்துச் சட்டைப் பையில் வைத்தான். அப்போதுதான் அவனுக்கு முன்பல் ஒன்று இல்லை என்பதே எனக்குத் தெரிந்தது.

"வாங்க பெரியவரே, போய்ப் பாத்துடுவோம். என் மேல தப்புன்னா உங்க வீட்டு வாசல்லயே முட்டி போடுறேன்."

வீட்டுக்கு வந்து வண்டிக்கடியில் மல்லாந்து படுத்தான். என் சோப்புத் தண்ணீரைத்தான் கேட்டு வாங்கினான். பிரஷ் உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு உள்ளிருந்து ஒரு சிரிப்பு.

"பெரியவரே, கொஞ்சம் குனிஞ்சு பாருங்க."

குனிந்தேன். நான் சுற்றிய இடத்தில் நுரை ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு உப்பி உடைந்து மறுபடியும் உப்பியது. அந்தப் பக்கமும் அதே.

"யாரு சுத்துனது இதை?"

நான் வாளியை நகர்த்தி வைத்தேன்.

"உள்ள ஒரு ரப்பர் வளையம் இருக்கு. குழாய் மொழுமொழுன்னு இருந்தாத்தான் அது கவ்வும். நீங்க அதுக்குக் கோட்டு சூட்டெல்லாம் போட்டு அனுப்பியிருக்கீங்க. பாவம், அது எதைக் கவ்வும்?"

"தண்ணிக் குழாய்க்கு இதுதான் வேலை" என்றேன்.

"இது தண்ணி இல்லையே."

திரும்பவும் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு முனைகளை நேராக வெட்டினான். அதே அமுக்கு. அதே ஒரு அமுக்கு. இன்னொரு வேலையும் செய்தான். பம்பருக்குக் கீழே இரண்டு பக்கமும் டயரில் இருப்பது மாதிரி சின்ன வால்வு ஒன்றைக் காற்றுக்குழாயில் சேர்த்தான். "கம்ப்ரசர் ஓடி ஓடி களைச்சுப் போயிருக்கு. நடுவழியில படுத்துட்டா, பங்க்சர் கடையில காத்து அடிச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்துடலாம்" என்றான். கேட்காத வேலைக்குக் காசு பிடுங்குகிறான் என்று நினைத்தேன். ஆனால் அன்றைக்கு வாயைத் திறக்க எனக்கு யோக்கியதை இல்லை. அவன் முட்டி போடவில்லை. என்னையும் போடச் சொல்லவில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமை காலையில் ஷட்டரைத் தூக்கினேன். நின்றது. முன்னும் பின்னும் ஒரே மட்டம். பம்பர் என் முழங்காலுக்கு மேலே, நேற்று நிறுத்திய அதே இடத்தில். ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. வண்டியைத் தெருவில் கொண்டுவந்து, மகன் முனையில் திரும்பும்போதே கண்ணில் படுகிற மாதிரி நிறுத்தினேன். இஞ்சினை அணைத்துவிட்டு, "கிளம்பு" என்று உள்ளே குரல் கொடுத்தேன். "அவன் வந்ததும் அவன் கண் முன்னாலேயே போவோம்."

அவள் கிளம்பி வந்தாள். நான் வீட்டைப் பூட்டினேன். திரும்பினால் அவள் இன்னும் தெருவிலேயே நிற்கிறாள். பின்கதவு திறந்திருக்கிறது. ஒரு கையால் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்குகிறாள். கால் படிவரை போகவில்லை. இறக்குகிறாள். மறுபடியும் தூக்குகிறாள். இந்தத் தடவை செருப்பு விளிம்பில் தட்டிக் கழன்று கீழே விழுந்தது. எதிரே தையல் மிஷின் சத்தம் நின்றது.

நான் போய்க் கக்கத்தில் கை கொடுத்தேன்.

"தொடாதீங்க."

மெதுவாகத்தான் சொன்னாள். நான் கையை எடுத்துக்கொண்டேன்.

"ஒரு ஸ்டூல் எடுத்துட்டு வர்றேன்."

"ஸ்டூலா? உங்களுக்குக் கொஞ்சமாவது இருக்கா?"

எனக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. "நேத்து வரைக்கும் நல்லா ஏறினியே. இன்னிக்கு என்ன ஆச்சு?" என்றேன்.

அவள் வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அது உக்காந்திருந்துச்சு. நான் ஏறினேன். ரொம்ப நாளா நானேதான் ஏறிக்கிட்டிருந்தேன். நீங்க எங்க பாத்தீங்க? பம்பரையே பாத்துக்கிட்டு இருந்தீங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ஒரு மாதமாக இந்த வண்டியை நிற்கவைக்க முதுகை ஒடித்துக்கொண்டேன். ஊரில் எல்லோரோடும் சண்டை போட்டேன். கடைசியில் நின்றுவிட்டது. இவளைத் தெருவில் நிற்க வைத்துக்கொண்டு நிற்கிறது.

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"விடுங்கன்னு சொன்னேன்ல?"

தெரு முனையில் ஹாரன் கேட்டது. மகனின் புது வண்டி. பின்னாலேயே ஒரு காலி லாரி, பழைய வண்டி வாங்குகிறவனுடையதாக இருக்க வேண்டும். குறுக்கே ஒருவன் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டிருந்ததால் இரண்டும் அங்கேயே நின்றன. என் மகன் ஜன்னலில் தலையை நீட்டி வண்டியைப் பார்ப்பது தெரிந்தது. நேராக நிற்கிறது என்று பார்த்தான். கட்டை விரலைக்கூடத் தூக்கிக் காட்டினான். சின்ன வயதில் பரீட்சைத் தாளைக் காட்டும்போது அவன் முகம் அப்படித்தான் இருக்கும்.

நான் பம்பருக்குப் பின்னால் போய் முட்டி போட்டேன். முட்டி போட்டது டார்ச் இல்லை, நான்தான். அவள் ஏறுகிற பக்கத்து வால்வின் மூடியைத் திருகி எடுத்தேன். வீட்டுச் சாவியின் நுனியை உள்ளே விட்டு ஊசியை அமுக்கினேன். ஸ்ஸ்ஸ் என்று காற்று முகத்தில் அடித்தது. ரப்பர் வாடை. தூசி கண்ணில் விழுந்தது. நான் சாவியை எடுக்கவில்லை.

"அப்பா! அப்பா, மறுபடி இறங்குது பாருங்க!"

தள்ளுவண்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினான். கதவைத் திறந்து ஓடி வருகிற சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. வண்டி அவள் பக்கமாக மெல்லச் சாய்ந்தது, காது கேட்காதவன் பேசுகிறவர் பக்கம் தலையைச் சாய்ப்பது மாதிரி. பம்பருக்குக் கீழே, சக்கரத்துக்கு அந்தப் பக்கம், அவளுடைய இரண்டு பாதங்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. ஒன்றில் செருப்பு, ஒன்று வெறும் பாதம். வெறும் பாதம் தரையை விட்டு எழும்பியது. கொஞ்சம் நடுங்கியது. பிறகு மேலே போய் என் கண்ணுக்கு மறைந்தது. இன்னொன்று இன்னும் தரையில் இருந்தது. நான் சாவியை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.