மேடையை விட்டுப் போகாத தங்கை

அமெரிக்காவின் தெற்கே, சவான்னாவில், எங்கள் கறுப்பர் நாடகக் குழுவில் வெள்ளைக்காரக் கங்காணி வேஷம் எனக்குத்தான். கறுப்பு முகத்தில் சாயம் எதுவும் பூசிக்கொள்வதில்லை. தொப்பியும் பூட்ஸும் போதும், எங்கள் சனங்களுக்குப் புரிந்துவிடும்.

நாடகத்தை எழுதிய எல்லர்ட் ஊர் ஊராக மேஜிக் காட்டிப் பிழைத்தவர். பருத்திக் காட்டிலிருந்து தப்பிய ஓர் அடிமைப் பெண்ணின் கதை. அவளாக வெர்டெல், தங்கை ஹெஸ்டராக ஜூனியா. நான் துரத்தி வரும்போது வெர்டெல் பெட்டிக்குள் குதிப்பாள். தங்கை மூடியைச் சாத்திவிட்டு மேடைக்குப் பின்னால் ஓடிவிடுவாள். நான் திறந்தால் பெட்டி காலி. கைதட்டல் அடங்குவதற்குள் அரங்கின் பின்வாசலில் வெளிச்சம் விழும். வெர்டெல் அங்கே சுதந்திரமாக நிற்பாள்.

ஒத்திகையில் ஜூனியா எல்லர்டிடம் கேட்டாள்: "அண்ணே, நான் எங்க ஓடுறேன்?"

"எங்கயோ. மேடைய விட்டுப் போற, அவ்ளோதான்."

"பெட்டி அக்காவுக்கு மட்டுந்தானே? எனக்குப் போக எடம் ஏது?"

"சனங்க பெட்டியத்தாம்மா பாக்கணும். பக்கத்துல நீ நின்னா வித்தை கெட்டுப்போயிடும்," என்றார் எல்லர்ட்.



முதல் காட்சிக்கு, சர்ச் முடிந்த கையோடு கூட்டம் வந்திருந்தது. பெட்டியைத் திறந்தேன். காலி. ஒரே கைதட்டல். திரும்பினால் ஜூனியா அங்கேயே நிற்கிறாள்.

எனக்கு வசனம் இல்லை. கங்காணி என்ன கேட்பானோ அதைக் கேட்டேன். "உங்கக்கா எங்கடி?"

"பாக்கலீங்க எசமான்."

கைதட்டல் வரிசை வரிசையாக அடங்கியது.

"அவ பருத்திக் கூடைய யாரு நெரப்புறது?"

"நானே நெரப்புறேங்க."

மேடையில் கிடந்த அக்கா கூடையையும் தன் கூடையையும் இழுத்து வைத்துக்கொண்டு, குனிந்து பருத்தி பறிப்பதுபோல் நடிக்கத் தொடங்கினாள். நான் சாட்டையை ஓங்கினேன். முன்வரிசையில் ஒரு பெரியவர், "வேணாம்ப்பா," என்றார், நாடகம் என்பதை மறந்து. அடிக்கவும் மனம் வரவில்லை, கையை இறக்கவும் முடியவில்லை. கங்காணி இறக்கமாட்டானே.

பின்வாசலில் வெளிச்சம் விழுந்தது. "தப்பிச்சுட்டேன்" என்று வெர்டெல் கூவ வேண்டிய இடம். அவள் மேடையைப் பார்த்தாள். "ஹெஸ்டர்," என்று கூப்பிட்டாள். ஜூனியா நிமிரவில்லை. அடிமைத்தனம் இல்லாத வடக்கே போய்ச் சேர்ந்தவள் கூப்பிட்டால் இங்கே எப்படிக் கேட்கும்? மறுபடி கூப்பிட்டபோது வெர்டெலின் குரல் உடைந்துவிட்டது. எல்லர்ட் திரையை இழுத்துவிட்டார்.

வெர்டெல் திரைக்குப் பின்னால் வந்துசேர்ந்தபோது அவர் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"அவ எப்படிப் போனான்னு யோசிச்சுக்கிட்டே சனங்க வீட்டுக்குப் போகணும்னு ஆசைப்பட்டேன்," என்றார்.

"யோசிக்கட்டும்ண்ணே. யார விட்டுட்டுப் போனான்னும் சேத்து யோசிக்கட்டும்," என்றாள் ஜூனியா.

"அப்ப அடுத்த வாரமும் நிப்ப?"

"நிப்பேன்."

வெர்டெல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப நானும் கூப்பிடுவேன்."

அதன்பிறகு அப்படித்தான் நடித்தோம். பெட்டி காலியானதும் கைதட்டுகிறவர்கள் இன்னும் தட்டுகிறார்கள். எல்லர்ட் அதைக் கேட்டுச் சிரித்துக்கொள்வார். ஓங்கிய கையை எப்போது இறக்குவது என்பது மட்டும் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. திரை விழும்வரை அப்படியே நிற்கிறேன்.