ஏழு வருடம், அதற்கு மேல் இல்லை

புருசனின் மூன்றாவது சட்டையையும் எடுத்துக் கட்டிலில் விரித்தபோது அழைப்புமணி அடித்தது. பதினொரு மணிக்குள் உடலுக்குப் போடும் உடுப்பைத் தரவேண்டும் என்று ஃபியூனரல்காரர்கள் சொல்லியிருந்தார்கள். ராகவி சட்டைகளை அப்படியே விட்டுவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள்.

ரவீன் நின்றான். அவள் புருசன் அருந்தவனோடு ஒரே அறையில் ஆறு வருடம் வேலை செய்தவன், மலேசியாக்காரன். அவன் பின்னால், கழுத்தில் அலுவலக அட்டையும் கையில் கறுப்புப் பெட்டியுமாக ஒரு வெள்ளைக்காரப் பெண்.

"மன்னிச்சுக்கோங்க அக்கா, இன்னிக்கு வரக்கூடாதுதான். அண்ணனோட லேப்டாப், நோட்புக் எல்லாத்தையும் ஆபீஸ்ல எடுத்துட்டு வரச் சொல்லிட்டாங்க."

வியாழன் காலை பென்டில் ஹில் ரயில் ஸ்டேசன் கார் பார்க்கில், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி அருந்தவன் செத்துப்போயிருந்தான். இதயம் என்றார்கள். வயது ஐம்பத்திரண்டு. இன்று சனி.

அந்தப் பெண் கேட்காமலே அருந்தவனின் மேசை லாச்சிகளை ஒவ்வொன்றாக இழுத்துத் திறந்தாள். ராகவி அறை வாசலில் நின்று பார்த்தாள்.

வேலையைப் பற்றி அருந்தவன் வீட்டில் கதைப்பதே இல்லை. கடற்படையின் பழைய நீர்மூழ்கிக் கப்பல்களின் உடல் இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்று கணக்குப் பார்க்கிறவன் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். அரசாங்கம் புதுக் கப்பல்கள் வாங்குகிறது. அவை வந்துசேரும் வருடம் தள்ளித் தள்ளிப் போகிறது. அதுவரை பழையவை ஓடியாக வேண்டும். புதன்கிழமை பின்னேரம்தான் அவன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு வாய்திறந்தான்.

"பன்னிரண்டு வருசம் தாங்கும் எண்டு என்னைக் கையெழுத்து வைக்கச் சொல்லுறாங்கள்."

"தாங்காதோ?"

"ஏழு. அதுக்கு மேல நான் சொல்லமாட்டன். உள்ளுக்க அம்பது அறுபது பிள்ளையள் இருப்பினம், ராகவி."

பிறகு குசினிக் குழாயைத் திறந்துவிட்டு, கை கழுவாமல் ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

கீபோர்டுக்கு அடியிலிருந்து அந்தப் பெண் ஒரு கோடிட்ட தாளை உருவினாள். முழுக்கத் தமிழ். ரவீனிடம் நீட்டி என்னவென்று கேட்டாள்.

ரவீன் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். ஒருமுறை வாசித்தான், மறுபடி வாசித்தான். நிமிர்ந்து ராகவியைப் பார்த்தான்.

"குடும்ப விசயம், சாமிப் பாட்டு" என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

அந்தப் பெண் தாளை ராகவியிடம் கொடுத்துவிட்டு, அனுதாபம் சொல்லி, பெட்டியோடு காருக்குப் போனாள். ராகவி குனிந்து பார்த்தாள். அருந்தவனின் கையெழுத்து: 'ஏழு வருடம். அதற்கு மேல் இல்லை. கேட்டால் எங்கும் வந்து சொல்வேன்.'

ரவீன் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"அவரின்ர இடத்தில இனி ஆர்?"

"நான்தான் அக்கா."

"கையெழுத்து?"

"திங்கக்கிழமை."

செத்தவீட்டில் சொல்லிக்கொண்டு போகக்கூடாது என்பது அவனுக்கும் தெரியும். சொல்லாமலே போனான். அந்தத் தாளைத் தன்னிடம் விட்டுவைக்கத்தான் அவன் பொய் சொன்னான், கையெழுத்தும் வைக்கமாட்டான் என்று ராகவி நம்பினாள். திங்கள் முழுக்க அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி கொடுத்தாள்.

செவ்வாய் தகனம். மெல்பனிலிருந்து வந்த அருந்தவனின் தம்பி சிறிதரன் கிரியை செய்தான். ரவீன் கடைசியாகத்தான் வந்தான். சவரம் செய்யாத முகம். எல்லோரும் தகன மண்டபத்தை விட்டு வெளியே நகரும்வரை காத்திருந்து அவளருகே வந்தான்.

"போட்டுட்டேன் அக்கா."

"பன்னிரண்டோ?"

தலையாட்டினான். "நான் போடலன்னா வேற ஆளு போடுவான்."

அவன் குரல் இன்னும் தாழ்ந்தது.

"அந்தத் தாள் உங்ககிட்ட இருக்கிறது நல்லதில்ல. அவங்க திரும்ப வருவாங்க. அத அண்ணன்கூடவே வெச்சு எரிச்சிடுங்க."

"பெட்டி மூடியாச்சு" என்றாள் ராகவி, தாள் இருந்த கைப்பையைத் தோளில் மாட்டியபடி.

"அண்ணி, வாங்கோ" என்று சிறிதரன் கூப்பிட்டான். "அடுத்த ஆக்கள் வந்திட்டினம்."

வாசலுக்கு மேலிருந்த மின்திரையில் அருந்தவனின் பெயர் ஒரு கணம் நின்று மறைந்தது. வேறொரு பெயர் வந்தது. ரவீன் அதற்குக் கீழே கதவோடு ஒட்டி நின்று, கறுப்பு உடையில் உள்ளே வருகிறவர்களுக்கு ஒவ்வொருவராக வழி விட்டுக்கொண்டிருந்தான்.