லைசன் ஒடித்துப் போட்ட கிளை

மலாவி நாட்டின் மேற்கு எல்லையில், லிசூலுச் சந்தைக்கு அரைக் கல் தெற்கே, எம்-ஒன் சாலையின் தாரைப் பிளந்துகொண்டு நிற்கும் தைல மரத்தை யாரும் நடவில்லை. அது லைசன் கம்வெண்டோ ஒடித்துப் போட்ட கிளை. கிறிஸ்துமஸ் கழிந்த மூன்றாம் நாள் மாலை நாலு மணிக்குப் போட்டான். அவனை அடக்கம் செய்த மறுநாள் பார்த்தபோது அது வேர் விட்டிருந்தது. அந்த வாரம் முட்டைகோஸ் ஒன்று இருநூறு குவாச்சாவுக்கு விற்றது. மழை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பெய்தது.

லைசனிடம் கதவு ஒரு நிறம், கூடு ஒரு நிறம் என்று ஒரு பழைய பிக்கப் இருந்தது. அதில் கோஸ் ஏற்றிக்கொண்டு தெற்கே ந்செயு டவுனுக்குப் போகும்போது பின் அச்சு முறிந்தது. வண்டி நின்றுவிட்டால் அந்தச் சாலையில் எல்லோரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். ஓரத்துத் தைல மரத்தில் நாலைந்து கிளைகளை ஒடித்து, வண்டிக்குப் பின்னால் முப்பது தப்படி எண்ணி நடந்து, சாலையில் போட்டான். தாரின் மேல் பச்சை இலை கிடந்தால் முன்னால் வண்டி நிற்கிறது என்று அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். பிறகு வண்டிக்கு அடியில் புகுந்தான். பின்னால் டெட்சா ஊர்ப் பக்கமிருந்து சிமெண்ட் ஏற்றிய லாரி வந்தது, இலைகளின் மேலேயே ஏறி வந்தது, வண்டியையும் லைசனையும் இருபது அடி இழுத்துக்கொண்டு போய் நின்றது. லாரி டிரைவர் போலீஸில் ஒன்றையும் மறைக்கவில்லை. இலையைப் பார்த்தேன், பழைய இலை என்று நினைத்தேன் என்றான். அதை ஒரேயடியாகப் பொய் என்று தள்ளவும் முடியாது. லிசூலுக்காரர்கள் கிளை போடுவதில் சூரர்கள், எடுப்பதில் சோம்பேறிகள். வண்டி கிளம்பினால் போதும், ஏறிப் பறந்துவிடுவார்கள். போன வாரம் நின்ற வண்டிக்கான இலை இந்த வாரமும் யாருக்கோ எச்சரிக்கை சொல்லிக்கொண்டு காய்ந்து கிடக்கும்.

லைசன் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை, பேச்சு மட்டும் தெளிவாக இருந்தது. மனைவி ஃபலேசி பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வண்டியில அந்தச் செவப்பு முக்கோணம் இல்ல ஃபலேசி. சீட்டுக்கு அடியில, பின்னால, எல்லா எடமும் தேடிட்டேன். அப்புறந்தான் கெள ஒடிச்சேன். நீ எங்கயாச்சும் பாத்தியா?"

"நான் எதுக்குங்க அதப் பாக்கப் போறேன்? பேசாம படுங்க."

லைசன் தலையாட்டினான். மனைவி சொன்னால் நம்பிவிடுகிற ஆள். மதியத்துக்கு முன்னால் போய்விட்டான்.

முக்கோணம் சர்ச்சில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் கிறிஸ்துமஸ் குடிலுக்கு மேலே மாட்ட நட்சத்திரம் கிடைக்கவில்லை. பழைய அட்டை நட்சத்திரத்தைக் கரையான் தின்றுவிட்டது. வண்டி நடுவழியில் நின்றால் எச்சரிக்கையாகப் பின்னால் வைக்கிற சிவப்பு முக்கோணம் இரண்டை, ஒன்றை நேராகவும் ஒன்றைத் தலைகீழாகவும் சேர்த்துக் கட்டினால் ஆறு முனை நட்சத்திரம், வெளிச்சம் பட்டால் தகதகக்கும் என்று கண்டுபிடித்தவள் எனெலெஸி. மாதர் சங்கத் தலைவி. சந்தையில் உருளைக்கிழங்கு வறுத்து விற்பவள். மூளை கொஞ்சம் கூடுதல். ஒரு முக்கோணம் உபதேசியாரின் வண்டியிலிருந்து வந்தது. இன்னொன்றை ஃபலேசி, லைசன் தூங்கும்போது பிக்கப்பிலிருந்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள். கேட்டிருந்தால் அவனே கொடுத்திருப்பான். நட்சத்திரம் பார்த்து வந்த ஞானிகளின் திருநாள் முடிந்ததும் திரும்ப வைத்துவிடலாம் என்று இருந்தாள். லிசூலு அதுவரை கண்டதிலேயே அழகான நட்சத்திரம் அதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். லைசனும் சொன்னான். தன்னுடையது என்று தெரியாமல் சொன்னான்.

அடக்கம் முடிந்த மறுநாள், சாலையில் கிடந்த இலைகளை ஓரம் தள்ளப் போனவர்கள் நாலு கிளைகளை எடுத்தார்கள். ஐந்தாவது வரவில்லை. மூன்று பேர் சேர்ந்து இழுத்தார்கள்; தார் விரிசல் விட்டது, கிளை அசையவில்லை. ஈஸ்டருக்குள் ஆள் உயரம் வந்துவிட்டது. நெடுஞ்சாலைத் துறை மூன்று தடவை ஆள் அனுப்பி வெட்டியது. வெட்டியவர்கள் டீ குடித்துவிட்டுத் திரும்பினால் அதே உயரத்துக்கு நிற்கும், இலை எண்ணிக்கைகூட மாறாமல். நாலாவது தடவை வந்தவர்கள் அடிமரத்தில் வெள்ளைப் பட்டை அடித்து, சாலைக் கோட்டை அதைச் சுற்றி வளைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். சாலைக்கு மேற்கே மொசாம்பிக். காலையில் மரத்தின் நிழல் அந்த நாட்டில் விழும், அங்கே தக்காளி விற்பவள் அதில் கூடையை வைத்துக்கொள்வாள். மாலையில் நிழல் சுங்கம் ஏதும் இல்லாமல் மலாவிக்குத் திரும்பிவிடும். இதில் பேச ஒன்றுமில்லாமல் போய்விட்டது, ஊர் வேறு வேலையைப் பார்த்தது.

இடித்த லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி லிலோங்வேயில், நாலு மாடிக் கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தது. அவர்களிடமிருந்து இருபத்திரண்டு கட்டம் போட்ட படிவம் வந்தது. உபதேசியார் கையால் ஃபலேசி இருபத்தொரு கட்டங்களை நிரப்பினாள். பதினாலாம் கட்டம் கேட்டது: விபத்து நேரத்தில் எச்சரிக்கை முக்கோணம் எங்கே இருந்தது? உபதேசியார் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். "அத விட்டுடுங்க ஐயா" என்றாள். விட்டுவிட்டார். கம்பெனி படிவத்தைத் திருப்பி அனுப்பியது, பதினாலு காலி என்று. இவள் அதையே திரும்ப அனுப்பினாள். இப்படியே ஒரு வருஷம் போனது.

இரண்டாம் வருஷம் கம்பெனி வழிக்கு வந்தது. முக்கோணம் வைக்காததால் பாதிப் பிழை இறந்தவர் மேல், பாதி லாரி மேல். கையெழுத்துப் போட்டால் பாதித் தொகை என்று ஒரு தாள் வந்தது. ஃபலேசி கையெழுத்துப் போடவில்லை. வீட்டில் தகரம் ஒழுகியது. பிக்கப் முற்றத்தில் துருப்பிடித்துக் கிடந்தது, அதற்குள் கோழி அடைகாத்தது. மகள் தியாமிக்கே பள்ளிக்கூடத்துக்குச் செருப்பில்லாமல் போனாள். ஃபலேசி அடுத்தவர் வயலில் களை பிடுங்கி வயிற்றைக் கழுவினாள். முழுசும் வேணுமாம் மகாராணிக்கு என்று சந்தையில் பேசினார்கள். லைசனின் அண்ணன் வீட்டுக்கே வந்து கத்தினான்.

"பாதியாச்சும் கெடைக்குதேன்னு வாங்குவியா, மாட்டியா? செத்தவனுக்கு என்ன ரோசம் இப்ப?"

"அவர் மேல பாதி தப்புன்னு எழுதியிருக்காங்க மச்சான். நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

"அப்ப யார் மேலதான் எழுதணுங்கிற?"

ஃபலேசி குனிந்து அடுப்பை ஊதினாள்.

வருஷத்துக்கு ஒரு தடவை, ஜூலையில், கம்பெனி சர்வேயர் கோண்ட்வே வருவார். வடக்கத்திக்காரர், வெயிலிலும் குடை பிடிப்பவர், காலணி மேல் தூசி பட்டால் நின்று துடைத்துவிட்டுத்தான் மறு அடி. கோட்டைக் கழற்றி மரத்தின் கிளையில் மாட்டுவார். அளவு நாடாவின் ஒரு முனையை மரத்தில் கட்டிவிட்டு, பிக்கப் நின்ற இடம்வரை நடந்து போய் அளப்பார். திரும்பி வந்து மர நிழலில் உட்கார்ந்து, அடிமரத்தில் காகிதத்தை வைத்து, 'எச்சரிக்கை அடையாளம் எதுவும் காணப்படவில்லை' என்று எழுதுவார். எனெலெஸி பக்கத்திலேயே வறுவல் சட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். வண்டிகள் மரத்தைச் சுற்ற வேகம் குறைக்கும் இடத்தில் வியாபாரம் நன்றாக ஓடியது.

"சார், முதுக எதுல சாஞ்சிருக்கீங்க?" என்று அவள் ஒரு தடவை கேட்டாள்.

"மரத்துல."

"அது எப்படி வந்துச்சுன்னு எழுதலாமே?"

"சட்டத்துல முக்கோணம்னுதான் இருக்கு அம்மா. மரத்துக்குக் கட்டம் இல்ல. ஒரு பொட்டலம் குடுங்க, உப்பு கம்மியா."

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நட்சத்திரம் மேலே ஏறியது. ஃபலேசி அதற்கு நேர் கீழே, பெண்கள் பக்கம் இரண்டாம் வரிசையில் உட்காருவாள். எல்லோரும் பாட எழுந்திருக்கும்போது அவள் மட்டும் நிமிர மாட்டாள். பக்தி என்று பாதிரியார் நினைத்தார்.

ஏழாம் வருஷ ஜூலையில் கோண்ட்வே வந்த அன்று, பனிச்சாரல் மலையிலிருந்து இறங்கிச் சந்தையை மூடியிருந்தது. இதுதான் கடைசி வருகை, அடுத்த மாதம் எனக்கு ஓய்வு, இந்தக் கேஸ் ஃபைலையும் மூடச் சொல்லிவிட்டார்கள் என்றார். ஃபலேசி மரத்தடியில் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றாள். இந்த ஏழு வருஷத்தில் அவள் முகம் வற்றிப்போயிருந்தது. பனியில் மரத்தின் இலைகள் சொட்டிக்கொண்டிருந்தன.

"பாதிக்குக் கையெழுத்துப் போடுங்க அக்கா. இன்னிக்கு விட்டா அதுவும் இல்ல. இல்லாட்டி பதினாலச் சொல்லுங்க. அந்த முக்கோணம் இருந்துச்சா, இல்லியா?"

"இருந்துச்சு."

"எங்க?"

"சர்ச்ல. நட்சத்திரமாத் தொங்கிச்சு. நான்தான் எடுத்துக் குடுத்தேன், அவருக்குத் தெரியாது. சாகறப்ப கேட்டாரு, பாத்தியான்னு. இல்லன்னுட்டேன்."

கோண்ட்வே பேனாவை மூடினார். "அக்கா, இத எழுதினா பாதியும் போயிடும். நான் கேக்கல, நீங்க சொல்லல. சரியா?"

"எழுதுங்க சார். அவர் தேடினாருன்னும் எழுதுங்க. தேடிக் கெடைக்காமதான் கெள ஒடிச்சாரு."

அவர் எழுதினார். கட்டம் போதவில்லை, ஓரத்தில் திரும்பி மேலே ஏறி எழுதினார். வறுவல் சட்டிக்குப் பின்னாலிருந்து எனெலெஸி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஃபலேசி திரும்பினாள்.

"உனக்குத் தெரியுமாடி?"

"என்னடி கேள்வி இது? கம்பி வச்சுக் கட்டினதே நான்தானே. சங்கத்துல இருக்கற அத்தன பேருக்கும் தெரியும். அவங்க வீட்டுக்காரங்களுக்கும் தெரியும்."

"ஏழு வருசமா ஒரு வார்த்த சொல்லல?"

"நீ சொல்லலியே. நாங்க எப்படிச் சொல்றது?"

லிசூலுவில் ஒருவர் தும்மினால் மறு தும்மலுக்குள் மொசாம்பிக்கில் நூறு என்று வாழ்த்துவார்கள். யார் வீட்டில் எத்தனை முட்டை, எந்தக் கோழி இட்டது என்பதுவரை சந்தைக்கு வந்துவிடும். அந்த ஊர் தன் ஆயுளில் காப்பாற்றிய ரகசியம் இது ஒன்றுதான். அதையும், அவள் தலைகுனிந்தே இருக்கும்படி காப்பாற்றியது.

செப்டம்பரில் கடிதம் வந்தது. உபதேசியார் மரத்தடியில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். ஓட்டுநர் லைசன் கம்வெண்டோ மேல் எந்தப் பிழையும் இல்லை. அவர் முக்கோணத்தைத் தேடியிருக்கிறார். கிடைக்காதபோது தன்னால் முடிந்த எச்சரிக்கையை முப்பது தப்படி தூரத்தில் வைத்திருக்கிறார். விபத்துக்கு வழிவகுத்தது முக்கோணத்தை வாகனத்திலிருந்து அகற்றியவர். அகற்றியவரும் மனுதாரரும் ஒருவரே. ஆகவே கோரிக்கை தள்ளுபடி. லாரி டிரைவரைப் பற்றி அந்தத் தாளில் ஒரு சொல்கூட இல்லை. இலை மேல் ஏற்றி வந்தவன் மூன்று பத்திகளுக்கு நடுவே எங்கேயோ வழி கண்டுபிடித்து வெளியே போய்விட்டான்.

சந்தை கொதித்தது. லைசனின் அண்ணன் லிலோங்வேக்குப் பஸ் ஏறப் போவதாகச் சொன்னான். நாலு பேர் பிடித்து நிறுத்தினார்கள், நிறுத்தாவிட்டாலும் நின்றிருப்பான். ஃபலேசி முதல் வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு இன்னொரு தடவை. தாளை வாங்கி நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். நேராகச் சர்ச்சுக்கு நடந்து, குடில் பொம்மைகள் இருக்கும் பெட்டியைத் திறந்து, நட்சத்திரத்தின் கம்பியைப் பிரித்து, தன் முக்கோணத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். யாரும் தடுக்கவில்லை. மரத்தில் கை எட்டும் உயரத்தில், கிளை பிரியும் கவட்டில் அதைச் செருகினாள்.

"பாத்தேங்க. நான்தான் எடுத்தேன். இந்தாங்க," என்றாள்.

மரம் ஒன்றும் செய்யவில்லை. அவள் வீட்டுக்குப் போய்க் கஞ்சிக்கு மாவு கரைத்தாள். நாலு நாளில் பட்டை முக்கோணத்தை மூடி வளர்ந்துவிட்டது. உற்றுப் பார்த்தால் ஒரு முனை தெரியும். அன்றிலிருந்து பனியிலோ இருட்டிலோ விளக்குப் போட்டுக்கொண்டு வரும் வண்டிகளுக்கு மரத்தின் அத்தனை இலையும் சிவப்பாகத் தெரிகிறது. டிரைவர்கள் வேகத்தைக் குறைத்து, சுற்றிக்கொண்டு, ஒரு பொட்டலம் வறுவலும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். வண்டி நின்று கிளை போட்டவர்கள், கிளம்பும்போது இப்போதெல்லாம் எடுத்துவிட்டுப் போகிறார்கள். எடுக்காத கிளை என்று அந்தச் சாலையில் ஒன்றுதான்.

ஃபலேசி இன்னும் அடுத்தவர் வயலில்தான் களை பிடுங்குகிறாள். தகரம் இன்னும் ஒழுகுகிறது. கிறிஸ்துமஸுக்கு அதே இரண்டாம் வரிசையில் உட்காருகிறாள். பாட எழுந்திருக்கும்போது நிமிர்ந்து பார்க்கிறாள். லிசூலு சர்ச்சின் நட்சத்திரத்துக்கு இப்போது மூன்றே முனை. ஞானிகள் வருஷா வருஷம் வழி தவறாமல் வந்து சேர்ந்துவிடுகிறார்கள்.