மறுபடியும் எழுந்த கை

வந்து பாருங்கள், நியாயம் பேசும் நல்லவர்களே! ஒருவன் உயிரைக் கொடுத்து வெட்டிய வாய்க்காலில் அவன் மனைவிக்குத் தண்ணீர் இல்லை என்று ஒரு சபை தீர்மானிக்கப் போகிறது. பாட்டுப் பாடி, ஜெபம் செய்து, ஆமென் சொல்லிவிட்டு அதைச் செய்யப் போகிறது.

அமெரிக்காவின் யூட்டா மலைகளின் அடிவாரத்தில் எல்க் ஓடை என்றொரு குடியிருப்பு. மழையை நம்பினால் அங்கே ஒரு பிடி கோதுமை விளையாது. மலைப்பனி உருகி வரும் நீரை நெடிய வாய்க்கால் வெட்டி வயலுக்கு இறக்கியவர்கள் மோர்மன் என்ற புதிய கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடியேறிகள். அவர்களில் ஒருவர் ராஸ்மஸ் தோரூப். டென்மார்க்கின் கடலோரத்தில் மீன்பிடித்து வாழ்ந்தவர். புதிய விசுவாசத்தைத் தழுவியதற்காகச் சொந்த அண்ணனால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர். மனைவி மாரனோடும் மகள் இங்கரோடும் கைவண்டி இழுத்துச் சமவெளியைக் கடந்தவர். முதல் குளிர்காலத்தில் மலைக்கிழங்கைத் தோண்டித் தின்றார்கள். மறு ஆண்டு முளைத்த கோதுமையை வெட்டுக்கிளி தின்றது. அதற்கடுத்த ஆண்டு கலப்பையைத் தீட்டிக்கொண்டு மீண்டும் விதைத்தார்கள்.

பக்கத்து நிலத்துக்காரர் பிராட்டன், வாய்க்கால் வெட்டும்போது கரை சரிந்து மண்ணுக்குள் புதைந்தார். உடலை வெளியே இழுத்தவர்களில் ராஸ்மஸும் இருந்தார். பிராட்டனின் மனைவி கெசியா கைக்குழந்தையோடு அந்த நிலத்தை விடாமல் உழுதாள். வியாழக்கிழமைப் பகல் அவளுடைய தண்ணீர் முறை.

அந்தக் கோடையில் பனி குறைந்தது, ஓடை மெலிந்தது. பால்பிடிக்கும் பருவத்தில் ராஸ்மஸின் கோதுமை வெளிறத் தொடங்கியது. அது கருகினால் குளிர்காலத்துக்கு வீட்டில் ரொட்டி இல்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாய்க்கால் பொறுப்பாளர் ஹாஸ்கின்ஸ் எழுந்து தீர்மானங்களை வாசித்தார். சபையின் வழக்கம் இது: வாசிப்பவர் முன்மொழிவார்; ஆணும் பெண்ணும் வலதுகையை உயர்த்தி ஏற்பார்கள். பிறகு எதிர்ப்பவர் உண்டா என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு எந்தக் கையும் எழுந்ததில்லை. எழும் என்று எவரும் காத்திருந்ததுமில்லை. பள்ளிக்கு விறகு, பாலத்துக்குப் பலகை, மேய்ச்சலுக்கு ஆள் என்று ஒவ்வொன்றாக வந்தது. கைகள் எழுந்தன, இறங்கின. வயலையே நினைத்துக்கொண்டிருந்த ராஸ்மஸின் கையும் கூடவே எழுந்து இறங்கியது. அடுத்த தீர்மானத்துக்கும் எழுந்தது.

கை மேலே நின்றபோதுதான் காதில் விழுந்த சொற்கள் மனத்தை எட்டின. வசந்தத்தில் தூர்வார ஆண் ஆள் அனுப்பாத வீட்டுக்குத் தண்ணீர் முறை கிடையாது. ஆகவே கெசியாவின் வியாழக்கிழமை இனி ராஸ்மஸ் தோரூப்புக்கு.

பெண்கள் பக்கத்தில் மாரனின் கை மடியிலேயே இருந்தது. அவள் கணவனைப் பார்த்தாள். கெசியா குழந்தையின் தொப்பி முடிச்சைக் கட்டினாள். கட்டியதை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். பிழைக்கப்போகும் கோதுமை ராஸ்மஸின் கண்முன் பச்சையாய் அசைந்தது. அதன் வேரில் பிராட்டன் கிடந்தார்.

"எதிர்க்கிறவங்க யாராச்சும்..." என்றபடி ஹாஸ்கின்ஸ் காகிதத்தைப் புரட்டினார்.

ராஸ்மஸ் எழுந்து நின்றார். இறக்கிய கையை மறுபடியும் உயர்த்தினார்.

"பிரதர் தோரூப், இப்பத்தானே ஏத்துக்கிட்டுக் கை தூக்குனீங்க? இதுல எதுங்க உங்க கை?"

சபை சிரித்தது. ராஸ்மஸ் கையை இறக்கவில்லை.

"முன்னாடி தூக்குனது பழக்கம், பிரதர். இப்பத் தூக்குறதுதான் நான்."

"உங்க வயலுக்குத்தான்யா தண்ணி வருது. வேணாங்கறீங்களா?"

"வேணும். என் பயிர் காயுறது ஊருக்கே தெரியும். ஆனா அந்த மண்ணுக்குள்ளருந்து பிராட்டனை இழுத்தது நான். அதுக்கு மேல அந்த வீட்லருந்து எந்த ஆம்பளைய அனுப்பச் சொல்றீங்க?"

ஹாஸ்கின்ஸ் கெட்டவரல்லர், ஆனால் விதிக்குப் பின்னால் நிற்கப் பழகியவர். விதி எல்லோருக்கும் பொது, பெண்ணொருத்தி தூர்வாரிக் கரை காக்க முடியாது என்று விளக்கத் தொடங்கினார். மாரன் எழுந்தாள்.

"போன வசந்தத்துல எங்க பங்கை வாரினது யாருன்னு நெனச்சீங்க? இவரு காய்ச்சல்ல கெடந்தாரு. நானும் இங்கரும் முழங்கால் சேத்துல நின்னு வாரினோம். நீங்க இவரு பேரை எழுதிக்கிட்டுத் தண்ணி விட்டீங்க. அது பாட்டுக்கு வந்துச்சே, பிரதர்?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒரு பெண்ணின் கை எழுந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. ஒருமனம் இல்லாத தீர்மானம் அந்தச் சபையில் நிறைவேறாது. ஹாஸ்கின்ஸ் காகிதத்தை மடித்தார். வியாழக்கிழமை கெசியாவிடமே நின்றது. தூர்வாரும் வரிசையில் அவள் சொந்தப் பெயர் ஏறியது.

ராஸ்மஸ் மேல்வயலைக் கருகவிட்டு, இருந்த நீரைக் கீழ்வயலுக்குத் திருப்பினார். பாதி அறுவடைதான் வீடு வந்தது. அந்தக் குளிர்காலத்தில் மாரன் ரொட்டி மாவில் பூசணியைப் பிசைந்தாள். இங்கர் முகம் சுளித்தபடி தின்றாள். பனி உருகியதும் தந்தையும் மகளும் மேல்வயலில் மீண்டும் ஏர் பூட்டினார்கள்.

படித்துவிட்டுப் பெருமூச்சு விடாதீர்கள், பெரியோர்களே! உங்கள் சங்கத்திலும் சபையிலும் உழைத்தவளின் பெயர் இல்லாத பட்டியல் ஒன்று வாசிக்கப்படுகிறது. எதிர்ப்பவர் உண்டா என்று ஒப்புக்குக் கேட்பார்கள். காகிதம் புரளுமுன் எழுந்து நில்லுங்கள். லாபம் உங்களுக்கே வருவதானாலும் நில்லுங்கள். அவள் பெயரை உரக்கச் சொல்லி, எழுதும்வரை உட்காராதீர்கள்!