மேடம், பஸ்ஸுல…

ஒரு தடவை பார்த்த முகத்தை நான் மறப்பதில்லை. இருபத்தாறு வருஷ போலீஸ் வேலையில் இதைச் சொல்லியே பெயர் வாங்கியவள் நான். திருப்பதியில் ஒரு ஸ்டேஷனில் ஹெட் கான்ஸ்டபிள். வீடு நகரியில், தினமும் பஸ்ஸில்தான் போக்குவரத்து. என்னைப் போய்ச் சித்தூருக்கு ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பினால் எரிச்சல் வருமா, வராதா? "சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வாங்க மனோரமா. அந்த சர்டிபிகேட் இருந்தால்தான் புரமோஷன் லிஸ்டில் பெயர் ஏறும்" என்றார் எங்கள் சர்க்கிள் இன்ஸ்பெக்டர், சி.ஐ. பவன்குமார். அடுத்த திங்கட்கிழமை கோர்ட்டில் நான் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் திரும்பிவிடலாம் என்றுதான் கிளம்பினேன்.

அந்தக் கேஸ் இதுதான். போன வருஷம் பொங்கல் முடிந்த வாரம், ட்யூட்டி முடிந்து திருப்பதி பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். சாமி கும்பிட வந்த ஒரு அம்மாளின் பழுப்புப் பையைப் பிடுங்கிக்கொண்டு ஒருவன் என்னை உரசியபடி ஓடினான். துரத்தினேன், கூட்டத்தில் தவறவிட்டேன். பத்து நாள் கழித்து சி.ஐ. தன் செல்போனில் ஏழு பேரின் படங்களைக் காட்டினார். பஸ் ஸ்டாண்டு பக்கம் சந்தேகத்தில் நிறுத்தி விசாரித்து அனுப்பிய ஆட்கள் அவர்கள். நாலாவது படத்தில் என் விரல் தானாகப் போய் நின்றது.

"இவன்தான் சார். பையோட பாத்துருக்கேன் இவன."

பெயர் சுரேஷ்பாபு. கார்வேட்டிநகரத்துக்காரன், முப்பது வயதிருக்கும். திருப்பதியில் ஒரு லாட்ஜில் வேலை. அவனைப் பிடித்து வந்தபோது என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "மேடம், பஸ்ஸுல…" என்று ஏதோ ஆரம்பித்தான். "உன் கதையெல்லாம் கோர்ட்டுல சொல்லு" என்று அதட்டி வாயை அடைத்தேன். பிடுங்கிய பை கிடைக்கவேயில்லை. பறிகொடுத்த அம்மாளும் முகத்தைப் பார்க்கவில்லை. என் வார்த்தை ஒன்றுதான் சாட்சி. இருபத்து நான்கு நாள் ஜெயிலில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். லாட்ஜ் வேலை போய்விட்டது என்று காதில் விழுந்தது. போகட்டுமே என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவு நிச்சயம்.

சித்தூரில் நாங்கள் முப்பத்தொரு பேர். முதல் நாள் முழுக்கப் புதுச் சட்டப் பிரிவுகளின் நம்பர்கள். பழைய நம்பர்களைப் படித்துத் தேர்ந்த எங்களுக்கு அது தலையில் ஏறவில்லை. இரண்டாம் நாள் வந்தவர் கோகுலகிருஷ்ணன். கல்லூரியில் மனோதத்துவம் நடத்துகிறவர். வீட்டில் தமிழ், வகுப்பில் தெலுங்கு. என் பக்கத்தில் பங்காருபாளையத்துக் கான்ஸ்டபிள் கிரண்குமார் உட்கார்ந்திருந்தான். ஒரு கூடை மாம்பழத்தோடு பயிற்சிக்கு வந்திருந்த ஆள். மடியில் ஒரு பழத்தை வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாது என்ற நினைப்பில், நறுக்கித் தின்றுகொண்டிருந்தான்.

பாதி வகுப்பில் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவன் வந்தான். "என் பைக்கை எதுக்குப் பிடிச்சு வெச்சீங்க?" என்று தெலுங்கில் கத்தினான். மேஜைமேல் இருந்த லேப்டாப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். நாலைந்து பேர் பாய்ந்து எழுந்தோம். கோகுலகிருஷ்ணன் கதவை மறித்து நின்று சிரித்தார்.

"உட்காருங்க. அவர் நான் ஏற்பாடு செஞ்ச ஆள்தான். பார்த்ததை எழுதுங்க."

பதினேழு வரி எழுதினேன். சட்டை, உயரம், மீசை, வலது கையில் கயிறு. கிரண்குமார் மூன்று வரியோடு பேனாவை மூடிவிட்டான். பிறகு திரையில் ஆறு படங்கள் வந்தன. மூன்றாம் நம்பரைப் பார்த்ததுமே குறித்தேன். என்னோடு சேர்த்துப் பத்தொன்பது பேர் அதே மூன்றைக் குறித்திருந்தார்கள். பார்த்தீர்களா, போலீஸ் கண் என்று எனக்குப் பெருமை.

"ரங்கையா, கொஞ்சம் வாங்க" என்று கோகுலகிருஷ்ணன் வெளியே பார்த்துக் கூப்பிட்டார்.

கெட்டிலோடு உள்ளே வந்தார் மூன்றாம் நம்பர். காலையில் எங்கள் எல்லோருக்கும் டீ ஊற்றிக் கொடுத்தவர். எங்களில் ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. திரையில் தன் படத்தையும் அதன் பக்கத்தில் எழுதியிருந்த எண்ணிக்கையையும் மாறி மாறிப் பார்த்தார் ரங்கையா.

"இன்னா சார் இது? டீல சக்கரை கம்மின்னா சொல்லுங்க. அதுக்குன்னு திருடன் ஆக்கிடுவீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நிஜமாக ஓடியவனின் படம் அந்த ஆறில் இல்லவே இல்லை. அவனுக்கு மீசையும் இல்லை. கிரண்குமாரின் தாளை கோகுலகிருஷ்ணன் உரக்கப் படித்தார்: "மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். முகம் சரியாகப் பார்க்கவில்லை. வெள்ளைச் செருப்பு." அன்றைக்கு எழுதியதில் தப்பில்லாத தாள் அது ஒன்றுதான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கூடையோடு அவனை வெளியே தள்ளியிருப்பேன்.

இடைவேளையில் கோகுலகிருஷ்ணனைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏமாத்திட்டீங்க சார். தெரிஞ்ச மூஞ்சிய வேணும்னே நடுவுல வெச்சிட்டீங்க."

"ஆமா மேடம், வெச்சேன். தெரிஞ்ச முகம்னு உங்களுக்குப் பட்டுச்சு, அது நிஜம். எங்க பாத்ததுன்னு மட்டும் ஞாபகம் வரல. நான் கேட்டது திருடன் யாருன்னு. உங்க மனசு அந்த முகத்தக் கொண்டு போய்த் திருடன் மேல ஒட்டிடுச்சு."

"கேஸ்லகூட இப்டி ஆவுமா?"

"எந்தக் கேஸ் மேடம்?"

சும்மா கேட்டேன் என்று நகர்ந்துவிட்டேன். கையில் இருந்த டீ ஆறிப்போனது.

அன்றிலிருந்து ஒரே கேள்விதான். சுரேஷ்பாபுவின் படத்தில் என் விரல் ஏன் அவ்வளவு சுலபமாக நின்றது? ஓடினவனை நான் பார்த்தது இரண்டு நொடி, அதுவும் பக்கவாட்டில். என் நினைப்பில் இருந்த முகமோ நேர் முகம். அமைதியாக, கொஞ்சம் சிரித்த மாதிரி, மார்போடு ஒரு பையை அணைத்தபடி. திருடிக்கொண்டு ஓடுகிறவன் எதற்குச் சிரிக்கிறான்? இத்தனை நாள் இதை யோசிக்காத என்மேல் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அவன் வேலை பார்த்த லாட்ஜ் இருக்கும் தெருவில் எப்போதாவது பார்த்திருப்பேனோ என்று யோசித்தேன். நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. புதன், வியாழன் இரண்டு நாளும் போர்டில் என்ன எழுதினார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கிரண்குமார் கொடுத்த மாம்பழம்கூட ருசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். புத்தூர் பஸ் வந்து நிற்பதற்குள் கூட்டம் படியில் அடைத்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் ஒரு வழி உண்டு. ஜன்னல் வழியாகப் பையை நீட்டி, முன்னால் ஏறிவிட்ட யாரிடமாவது சீட்டுப் போடச் சொல்வது. கர்ச்சீப், துண்டு, சில நேரம் குழந்தையைக்கூடக் கொடுப்பார்கள். நானும் பழக்கத்தில் பையைத் தூக்கி நீட்டினேன்.

"அம்மாடி, ஒரு சீட்டு போட்டு வெய்யி."

உள்ளே இருந்த பெண் பையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, சரி என்பதுபோல் சிரித்தாள். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ஒரு முகம், ஒரு பை, ஒரு சிரிப்பு.

பஸ்ஸில் ஏறாமல் நின்றுவிட்டேன். பின்னால் நின்றவர்கள் இடித்துத் தள்ளினார்கள். நான் பார்த்தது இதைத்தான். சுரேஷ்பாபு அணைத்துக்கொண்டிருந்தது என் பையை.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு வேறு பயம் வந்தது. ரங்கையாவைத் திருடனாக்கிய அதே மனசுதானே இதையும் சொல்கிறது? இதை மட்டும் எப்படி நம்புவது? அப்போதுதான் அந்தப் பாதிப் பேச்சு காதில் விழுந்தது. "மேடம், பஸ்ஸுல…" அதை நான் கற்பனை செய்யவில்லை. அவன் சொன்னான். முடிக்கவிடாதவள் நான். பஸ் கார்வேட்டிநகரத்தில் நின்றபோது இறங்கிப் போய்க் கேட்டுவிடலாமா என்று கால் துறுதுறுத்தது. சாட்சி போய் குற்றம் சாட்டப்பட்டவரின் வீட்டுக் கதவைத் தட்டக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் சி.ஐ.க்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"உங்களை ட்ரெயினிங்குக்கு அனுப்பினதே என் தப்பு" என்றார் தெலுங்கில். "ஒரே சாட்சி நீங்க. மாத்திச் சொன்னா மெமோ வரும். லிஸ்டில் பெயர் இருக்காது. யோசிச்சுக்குங்க."

திங்கட்கிழமை சாட்சிக் கூண்டில் ஏறினேன். எதிரே சுரேஷ்பாபு. இளைத்திருந்தார். அரசு வக்கீல் வழக்கம்போல் கேட்டார், பையைப் பிடுங்கி ஓடியவர் இவர்தானா என்று.

"இவர எனக்குத் தெரியும்மா" என்று மாஜிஸ்ட்ரேட் அம்மாவைப் பார்த்துச் சொன்னேன். "ஆனா அன்னிக்கி ஓடுனவரு இவருன்னு என்னால சொல்ல முடியாது. தப்பா காட்டிட்டேன்."

அரசு வக்கீலின் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டாம். மாஜிஸ்ட்ரேட் பேனாவைக் கீழே வைத்தார்.

"பிறகு இவரை எப்படித் தெரியும்?"

"ஸ்டேஷன்ல இவர் ஒரு பேச்சு ஆரம்பிச்சாரும்மா. நான் முடிக்க விடல. அத இவரையே சொல்லச் சொல்லுங்க."

விருப்பம் இருந்தால் சொல்லலாம், கட்டாயமில்லை என்றார் மாஜிஸ்ட்ரேட். சுரேஷ்பாபு தன் வக்கீலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடிம்மா, சாயங்காலம் புத்தூர் பஸ்ஸு. இந்த மேடம் ஜன்னல் வழியா பைய குடுத்தாங்க. சீட்டு போட முடியல, அவ்ளோ ஜனம். மேடம் முன்னாடியே நின்னுக்கினு வந்தாங்க. பை என் மடியில இருந்துச்சு. உள்ள சாப்பாட்டு டப்பா மூடி லூசு. சாம்பார் ஒழுகி என் பேண்டெல்லாம் ஆயிட்ச்சு. புத்தூர்ல எறங்கசொல்லோ பைய அவங்க கைல குடுத்தேன். வக்கீல் சார் இத சொல்லாத, உன்ன மேடத்துக்கு நல்லாத் தெரியும், அடையாளம் காட்டுனது சரின்னு ஆயிடும்னாரு. மேடம்தான் கதையெல்லாம் கோர்ட்டுல சொல்லுன்னாங்க. அதான் சொல்லிட்டேன்."

சாம்பார் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அந்தப் பொங்கலுக்கு முன்னால், வேலை மும்முரத்தில் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்த டப்பாவைச் சரியாக மூடத் தெரியாதா என்று என் வீட்டுக்காரர் வேதாச்சலத்தை ராத்திரி முழுக்கத் திட்டியது ஞாபகம் இருந்தது. பையில் ஒரு கரண்டி சாம்பார்தான் சிந்தியிருந்தது. மீதி எங்கே போனது என்று நான் யோசிக்கவில்லை. மறுநாள் அவர் புது டப்பா வாங்கி வந்தார், ஒரு வார்த்தை பேசாமல்.

மதியத்துக்குமேல் தீர்ப்புத் தேதி குறித்தார்கள். இனி கேஸில் ஒன்றுமில்லை என்று சுரேஷ்பாபுவின் வக்கீலே சிரித்துக்கொண்டு போனார். வெளியே வராந்தாவில் சுரேஷ்பாபு தனியாக நின்றிருந்தார்.

"மன்னிச்சிடுப்பா" என்றேன்.

அவர் மன்னித்ததாகவும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

"லாட்ஜுக்கு வந்து நீங்களே ஒரு வார்த்த சொல்லுங்க மேடம். நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

அப்படியே நடந்தோம். நான் யூனிபாரத்தில், அவர் பக்கத்தில். கோர்ட்டுக்கென்று போட்டு வந்த வெள்ளைச் சட்டை அவருக்கு முதுகில் நனைந்திருந்தது. லாட்ஜ் படியில் நாங்கள் கால் வைத்ததும் கவுன்டரில் இருந்த மேனேஜர் எழுந்து நின்றார். என் தொப்பியைப் பார்த்தார், சுரேஷ்பாபுவைப் பார்த்தார்.

"இன்னா மேடம்," என்றார், "மறுபடியும் மாட்டிக்கினானா?"

பக்கத்தில் சுரேஷ்பாபு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இல்ல சார்," என்றேன். "மாட்டிக்கினது நானு. அவருதான் என்ன கூட்டிக்கினு வந்துருக்காரு."